உரியவரிடம் சேர்த்த விவரம்

அவளுக்கு அப்பாவும் அம்மாவும் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. வாக்காளர் பட்டியலில் அது பத்திரமாக இருக்கிறது. ஊருக்குள் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் எல்லோரும் உதட்டைப் பிதுக்குவார்கள். மோட்டாரம்மா என்று கேட்டால் போதும், தவழுகிற குழந்தைகூட ஆற்றங்கரைப் பக்கம் கையைக் காட்டும்.

விடிந்ததும் விடியாததுமாக அவள் மோட்டார் அறையைத் திறப்பாள். அறை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு மோட்டார், ஒரு சுவிட்ச் பெட்டி, ஒரு ஸ்டூல். ஸ்டூலில் உட்கார்ந்தால் முழங்கால் மோட்டாரில் இடிக்கும். வெளியே கிணறு. ஆற்றிலிருந்து சின்ன வாய்க்கால் வழியாக அந்தக் கிணற்றுக்குத் தண்ணீர் வரும். வாய்க்காலின் வாயில் ஒரு கம்பி வலை. வலையில் சிக்கியதை வழித்துப் போட்டுவிட்டு, மோட்டாரை ஓடவிட்டு, மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவாள். பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து, தெளிந்ததை மட்டும் தொட்டியில் ஊற்றுவாள். ஏழு மணிக்கு வால்வைத் திறந்தால் முந்நூற்றுச் சொச்சம் வீட்டுக் குழாய்களில் தண்ணீர் வரும்.

பதினான்கு வருஷமாக இதுதான் வேலை. ஏழு மணி ஏழே காலானால் தெருவுக்குத் தெரு அவள் தலை உருளும். அவளும் கேட்டுக்கொண்டு சும்மா போகிற ஆள் இல்லை. ஒன்று சொன்னால் ஒன்பது திருப்பிச் சொல்வாள். "குழாயில தண்ணியோட சேர்த்து என் பொறுமையும் வருது, ரெண்டையும் அளவாப் பிடிங்க" என்பாள்.

அந்த அறையில் மோட்டாருக்கு அடுத்த மதிப்பு ஒரு பதிவேட்டுக்குத்தான். மோட்டார் போட்ட நேரம், நிறுத்திய நேரம், பவுடரின் அளவு எல்லாவற்றுக்கும் கட்டம் போட்டிருக்கும். கடைசியில் இரண்டு கட்டங்கள். ஒன்றின் தலைப்பு, "வலையில் கண்டெடுத்த பொருட்கள்." பக்கத்தில் இருப்பது, "உரியவரிடம் சேர்த்த விவரம், கையொப்பத்துடன்." குடமும் துடுப்பும் தண்ணீரோடு வந்த காலத்தில் எந்தப் புண்ணியவான் இதைச் சேர்த்தாரோ, தெரியாது. மோட்டாரம்மாவுக்கு முன்னால் இருந்தவர் பதினொரு வருஷமும் அந்த இரண்டு கட்டத்திலும் "இல்லை" என்றே எழுதினார். அவர் ஓய்வு பெற்ற நாளில் அடுத்த மாசக் கடைசி வரைக்கும் "இல்லை" தயாராக இருந்தது.

மோட்டாரம்மாவுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. கட்டம் போட்டுக் கேட்கிறார்கள் என்றால் உள்ளதை எழுத வேண்டும், அவ்வளவுதான். முதல் வருஷம் ஒரு அலுமினியப் பாத்திரம், ஒரு குழந்தைச் செருப்பு, உயிரோடு ஒரு வாத்து என்று மூன்று வந்தன. மூன்றையும் வீடு வீடாகக் கேட்டு உரியவரிடம் சேர்த்தாள். வாத்துக்காரர் கையெழுத்துப் போட்டபோது, வாத்து அவர் கையைக் கொத்தியதால் பேனா இழுத்துக்கொண்டு போன கோடு இன்னும் பதிவேட்டில் இருக்கிறது.

பிறகு டவுன் வளர்ந்தது. ஆற்றின் மேல்பக்கம், பஸ்ஸில் போனால் முக்கால் மணி நேரம். அது வளர வளர வலையும் கனத்தது. பை, பாட்டில், தட்டு, தெர்மோகோல், குழந்தைக்குக் கட்டிக் கழற்றிய நாப்கின், இன்னதென்று பெயர் சொல்ல முடியாத கசடு. டவுனில் எந்தக் கடையில் தள்ளுபடி, எந்த மாசத்தில் இருமல், பள்ளிக்கூடத்தில் பரீட்சை முடிந்துவிட்டதா என்பதெல்லாம் இவளுக்கு வலையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பதிவேட்டில் "குப்பை, இரண்டு கூடை. உரியவர்: டவுன்" என்று எழுதினாள். கையெழுத்துக் கட்டம் மட்டும் காலியாகவே கிடந்தது. டவுன் எப்படிக் கையெழுத்துப் போடும்?

தண்ணீர் பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. கிணற்றில் ஒரு ராத்திரி நின்றால் எல்லாம் அடியில் தங்கி, மேலே கண்ணாடிபோலத் தெளிந்துவிடும். ஊர்க்காரர்களுக்குத் தெளிவாக இருந்தால் அது நல்ல தண்ணீர். அவர்களுடைய குறையெல்லாம் பவுடர் வாடைமேல்தான். "டீயில கூட மருந்து நாறுதும்மா, கொஞ்சம் கையடக்கமாப் போடக்கூடாதா" என்று வழியில் நிறுத்திக் கேட்பார்கள். மோட்டாரம்மா ஊருக்காகக் கையடக்கம் செய்ததில்லை. சொன்ன அளவைச் சொன்னபடி போட்டாள்.

ஆனால் தன் வீட்டுக்கு மட்டும் ஒரு சலுகை வைத்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்குக் கல்யாணமாகி ஒன்பதாவது வருஷம்தான் ஒரு பெண் குழந்தை பிறந்தது. வீட்டுக்காரர் சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிறவர். சாந்தமான மனுஷர். சட்டையில் எத்தனை கலர் இருக்கிறதோ அத்தனை வார்த்தைகூட ஒரு நாளைக்குப் பேசமாட்டார். இரண்டு பேருக்கும் அந்தப் பெண்தான் உலகம். குட்டி என்று கூப்பிடுவார்கள். குட்டிக்கு ஆறு வயது. அந்த ஒரு வருஷத்தில் மட்டும் நான்கு தரம் வயிற்றுப்போக்கு, ஒரு தரம் டைபாய்டு. ஒவ்வொரு தரமும் எழுந்து உட்காரப் பத்து நாள் ஆகும். சாப்பாட்டைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

சுகாதார நிலையத்து நர்சம்மா ஒரு நாள் தெருத்தெருவாகத் தண்ணீர் சோதித்துக்கொண்டு வந்தாள். சின்னக் குப்பியில் தண்ணீரைப் பிடித்து இரண்டு சொட்டு மருந்து விடுவாள். பவுடர் இருந்தால் தண்ணீர் மஞ்சளாகும். பக்கத்து வீட்டில் லேசாக மஞ்சளானது. எதிர்வீட்டிலும் ஆனது. மோட்டாரம்மா வீட்டுக் குடத்துத் தண்ணீர் மட்டும் மருந்து விட்ட பிறகும் அப்படியே இருந்தது. நர்சம்மா குப்பியைக் கழுவி மறுபடியும் பார்த்தாள். அப்போதும் நிறம் மாறவில்லை.

"ஊருக்கே தண்ணி விடறது நீங்க. உங்க வீட்டுத் தண்ணி மட்டும் ஏன் மஞ்சளாகல?"

மோட்டாரம்மா கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள். "நாங்க முதல் தண்ணி எடுத்துக்குவோம் சிஸ்டர். பவுடர் கலக்கறதுக்கு முன்னாடி, கிணத்துலேருந்தே ஒரு குடம். குட்டிக்கு மருந்து வாடை ஆகாது."

நர்சம்மா குப்பியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். திட்டியிருந்தாலாவது பதில் சொல்லியிருக்கலாம். அவள் திட்டவில்லை. "ஊர்ப் புள்ளைங்களுக்கெல்லாம் மருந்து போட்டுக் குடுத்துட்டு, உங்க புள்ளைக்கு மட்டும் போடாமக் குடுத்திருக்கீங்களே" என்று மெதுவாகச் சொன்னாள்.

அன்றைக்கு மோட்டாரம்மா குடத்தைக் கொல்லையில் கவிழ்த்துவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதாள். வெகுநேரம் அழுதாள். வீட்டுக்காரரிடம்கூடக் காரணம் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து குழாய்த் தண்ணீரையும் கொதிக்க வைத்துத்தான் கொடுத்தாள்.

அதோடு தீர்ந்துவிடும் என்றுதான் நினைத்தாள். தீரவில்லை. கொதிக்க வைத்தது வீட்டில். குட்டி பள்ளிக்கூடத்துக் குழாயிலும் குடிக்கும், ஆற்று ஓரமாகவும் விளையாடும். ஊரில் மற்றப் பிள்ளைகளும் வரிசையாகப் படுத்தார்கள். தெருக்கோடிக் குழாய்களில் மஞ்சள் கண்ணுக்கே தெரியவில்லை. பவுடரைக் கூட்டிப் போடட்டுமா என்று நர்சம்மாவிடம் கேட்டாள். அழுக்கு கொஞ்சமாக இருந்தால் பவுடர் அதைக் கொல்லும், அளவுக்கு மீறினால் அழுக்கு பவுடரைத் தின்றுவிடும் என்றாள் நர்சம்மா. டவுனின் குப்பையும் கக்கூஸ் தொட்டி லாரிகள் கொட்டுவதும் ஆற்றில் கலக்கிற வரைக்கும் மூட்டை மூட்டையாகப் போட்டாலும் எட்டாது என்பதையும் சொல்லிவிட்டுப் போனாள்.

இந்தச் சமயத்தில்தான் நாத்தனார் வந்தாள்.

நாத்தனார் என்றால் வீட்டுக்காரரின் அக்கா. அதே டவுனில் கடைத்தெருவில் டெய்லர் கடை வைத்திருப்பவள். பிள்ளைகள் வேலை பார்க்க வெளியூர் போய்விட்டார்கள். வீட்டில் அவளும் இரண்டு தையல் மிஷினும்தான். அவளுடைய வாய்க்கு மோட்டாரம்மாவின் வாயே தேவலை. இரண்டு பேரும் பேச ஆரம்பித்தால் வீட்டுக்காரர் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு இல்லாத வேலைக்குக் கிளம்பிவிடுவார். ஆனால் தம்பி மகள் என்றால் நாத்தனாருக்கு உயிர். வரும்போதெல்லாம் ஒரு புது உடுப்பு வரும். இந்தத் தரம் வெள்ளைத் துணியில் சின்னச் சின்னச் சிவப்புக் குடை போட்ட கவுன். இரண்டு மாசம் முந்தி அவளே அளவெடுத்துப் போனது.

குட்டிக்குப் போட்டுப் பார்த்தார்கள். தோளில் நிற்காமல் வழிந்தது. இடுப்பில் இரண்டு பேர் நுழையலாம்.

அளவு தப்பாகிவிட்டதா என்று வீட்டுக்காரர் கேட்டார். அதுதான் அவர் அன்றைக்குப் பேசிய முதல் பேச்சு, பேசாமலேயே இருந்திருக்கலாம்.

"என் அளவு தப்பாது. புள்ளைதான் தேஞ்சுட்டா" என்றாள் நாத்தனார். சொல்லும்போதே கண்ணில் தண்ணீர் முட்டியது. அது கீழே விழுவதற்குள் கோபமாகிவிட்டது. அடுத்த வகுப்புக்குப் பள்ளிக்கூடம் திறக்க இன்னும் ஐந்து மாசம் இருக்கிறது, திறந்ததும் குட்டி டவுனுக்கு வருகிறாள், என்னோடு இருந்து அங்கே படிக்கிறாள் என்று தீர்ப்பே சொல்லிவிட்டாள். எங்கள் ஊரில் தண்ணீர் சுத்தம், நீ திறந்துவிடுகிற தண்ணீரை நீயே குடித்துக்கொள் என்றாள். டவுனுக்குத் தண்ணீர் எடுப்பது டவுனுக்கு மேலே, குப்பை விழுவதற்கு முன்னால். சுத்தமாக இல்லாமல் என்ன செய்யும்?

அக்கா சொல்வதும் நியாயம்தானே என்றார் வீட்டுக்காரர், தரையைப் பார்த்துக்கொண்டு. ஒன்றுக்கு ஒன்பது சொல்கிற மோட்டாரம்மாவுக்கு அன்றைக்கு ஒன்றுகூட வரவில்லை. முதல் தண்ணீர் விஷயம் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது. பெற்றவளே விஷத்தைக் கொடுத்திருக்கிறாள், அவள் எந்த முகத்தை வைத்துக்கொண்டு அனுப்ப மாட்டேன் என்று சொல்வாள்?

மூன்று வாரம் போயிருக்கும். இரண்டு நாள் நல்ல மழை. மூன்றாம் நாள் காலையில் வலை பொங்கி வழிந்தது. வழித்துப் போட்டுக்கொண்டே வந்தவள், வாய் கட்டிய ஒரு நீலப் பையைப் பார்த்துவிட்டு நின்றாள். கட்டியிருந்தது கயிறு இல்லை. துணி ஓரத்தில் வைத்துத் தைக்கிற நாடா. இரண்டு சுற்றுச் சுற்றி, நடுவில் பூப்போல ஒரு முடிச்சு. அந்த முடிச்சை அவள் எத்தனையோ உடுப்புப் பொட்டலங்களில் அவிழ்த்திருக்கிறாள்.

பையைப் பிரித்தாள். பழத்தோல், காலி மாத்திரை அட்டை, அழுகியது என்னென்னவோ. நடுவில் வெட்டுத்துணி. வெள்ளையில் சிவப்புக் குடை.

மோட்டாரைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள். குட்டியின் கவுனைத் தரையில் விரித்தாள். பையிலிருந்த துண்டுகளில் ஒன்று வட்டமாக இருந்தது. கழுத்துக்காக வெட்டி எடுத்தது. அதைக் கவுனின் கழுத்தில் வைத்தாள். கச்சிதமாக உட்கார்ந்தது, பாதியில் வெட்டுப்பட்ட ஒரு குடைகூட மறுபாதியோடு சேர்ந்துகொண்டது. ஒரே துணிதான். கவுன் பஸ்ஸில் வந்திருக்கிறது, கழுத்து ஆற்றில் வந்திருக்கிறது.

முதலில் அவளுக்கு வந்தது ஆத்திரம்தான். இந்த லட்சணத்தில் எங்கள் ஊரில் தண்ணீர் சுத்தமாம். இப்போதே போன் போட்டு நாலு கேட்கலாம் என்று கையில் எடுத்துவிட்டாள். எடுத்தவள் கீழே வைத்தாள். அறைக்குத் திரும்பிப் பதிவேட்டைப் பிரித்தாள். "வெட்டுத்துணி, ஒரு பை. உரியவர்: டவுன் கடைத்தெரு டெய்லர், என் நாத்தனார்" என்று நிறுத்தி நிதானமாக எழுதினாள். பல வருஷத்துக்கு அப்புறம் உரியவர் யாரென்று தெரிந்த பொருள் ஒன்று சிக்கியிருக்கிறது. பக்கத்துக் கட்டம் கேட்கிறபடி கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியதுதான்.

வால்வை மூடியதும் அலசிய பையும் பதிவேடுமாகப் பஸ் ஏறினாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்துபோனதால், வசதியாக உட்கார்ந்து போனாள்.

நாத்தனார் கடையில் மிஷின் மிதித்துக்கொண்டிருந்தாள். அளவு கொடுக்க வந்த இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். மோட்டாரம்மா பையை வெட்டு மேஜைமேல் வைத்து, உங்கள் பொருள் ஒன்று தவறிப்போய் எங்கள் ஊருக்கு வந்துவிட்டது, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்றாள். நாத்தனார் முடிச்சைப் பார்த்தாள், துணியைப் பார்த்தாள், நிற்கிற பெண்களையும் பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது.

"என்ன விளையாட்டு இது? குப்பையைக் குப்பை வண்டியிலதானே போட்டேன். அதோட அது போயிடுச்சு."

"போகல அண்ணி. வந்துடுச்சு."

நாத்தனார் பையைக் கிட்டே இழுத்தாள். அந்த வட்டத் துண்டைக் கையில் எடுத்தாள். தன் கத்தரி போன வழி அவளுக்குத் தெரியாதா? விளிம்பைத் தடவிக்கொண்டே, புள்ளை குடிக்கிற தண்ணீரிலா இது கிடந்தது என்று கேட்டாள். அந்தத் தண்ணீரில்தான் என்றாள் மோட்டாரம்மா. குத்திக்காட்ட நிறைய யோசித்துக்கொண்டு வந்திருந்தாள். நாத்தனார் அந்தத் துண்டைக் கீழே வைக்காமலே நிற்பதைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோயிற்று. வேறொன்றுதான் வாயில் வந்தது.

"பாதித் தப்பு என்னோடது அண்ணி. பவுடர் போடறதுக்கு முன்னாடியே எடுத்து எடுத்துக் குடுத்தேன். நல்லதுன்னு நினைச்சுக் குடுத்தேன்." யாரிடமும் சொல்லாததைக் கடைத்தெருவில் நின்றுகொண்டு சொன்னாள்.

இரண்டு பேரும் அழுததை அந்தப் பெண்கள் பார்த்தார்கள். அவர்களில் ஒருத்தி ஸ்டூலை நகர்த்திப் போட்டு மோட்டாரம்மாவை உட்கார வைத்தாள். நாத்தனார் மூக்கைத் துடைத்துக்கொண்டு பேனா கேட்டாள். "பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பிறகு கடையின் ஷட்டரை இறக்கினாள். பட்டப்பகலில் அவள் ஷட்டரை இறக்கி அந்தத் தெரு அதுவரை பார்த்ததில்லை.

"வா, அந்த வண்டி எங்கதான் போகுதுன்னு பார்த்துடுவோம்."

குப்பை டிராக்டர் சந்தையைச் சுற்றிக்கொண்டு, டவுனுக்குப் பின்னால் ஆறு வளைகிற இடத்துக்குப் போயிற்று. கரை சரிவு முழுக்கக் குப்பை. மழைத் தண்ணீர் அரித்துக்கொண்டு போன தடம் தெரிந்தது. கொஞ்சம் தள்ளி ஒரு கக்கூஸ் தொட்டி லாரி பின்பக்கத்தைத் திருப்பிக்கொண்டு, குழாயை ஆற்றுக்குள் விட்டு, சாவகாசமாகக் காலியாகிக்கொண்டிருந்தது. டிராக்டர் டிரைவர் நல்ல மனுஷர்தான். இரண்டு பெண்கள் வந்து நின்று பார்க்கிறார்களே என்று உற்சாகமாக விளக்கினார்.

"பதினஞ்சு வருஷமா இங்கதாம்மா கொட்டறேன். நெறையறதே இல்ல. அப்படி ஒரு ராசியான இடம்."

அந்த ராசி எங்கே போய் நிறைகிறது என்பதை நாத்தனார் அவருக்குச் சொன்னாள். அவள் பாணியில் சொன்னாள். லாரிக்காரர் பாதியில் குழாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். டிராக்டர்காரர் ஓடவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் தவித்தார். வேறு எங்கே கொட்டுவது, எனக்கு இந்த இடத்தைத்தானே காட்டினார்கள் என்று அவர் கேட்டதற்கு மட்டும் இரண்டு பேரிடமும் பதில் இல்லை.

பதில் சொல்ல வேண்டியவர்கள் வேறு. அவர்களிடம் போவதற்கு மோட்டாரம்மாவிடம் இருந்தது ஒரு கட்டம்தான். அதைப் பிடித்துக்கொண்டாள்.

வாரா வாரம் புதன்கிழமை, வால்வை மூடியதும் ஒரு மூட்டையோடு பஸ் ஏறினாள். வலையில் சிக்கியதில் பெயரோ விலாசமோ உள்ளதைத் தனியாக எடுத்து அலசிக் காயவைத்துக்கொண்டு போவாள். டவுனில் யார் வீடு எந்தச் சந்து என்பது நாத்தனாருக்குத் தெரியும்; பாதி டவுனுக்கு அளவெடுத்தவள் அவள். பெயர் எழுதிய நோட்டுகள் பள்ளிக்கூடத்துக்குப் போயின. விலாசம் ஒட்டிய அட்டைப்பெட்டிகள் அந்தந்த வீடுகளுக்குப் போயின. சாப்பாட்டுக் கடைக்காரர் இது என் கடைத் தட்டே இல்லை என்று சாதித்தார். தட்டில் ஒட்டியிருந்த அவருடைய பில்லை மோட்டாரம்மா எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தாள், கையெழுத்து வந்தது. தனியார் கிளினிக்குக்கு, அதன் பெயர் அச்சடித்த பையில் கிடந்த ஊசிகளை இடுக்கியால் எடுத்து டப்பாவில் போட்டுக் கொண்டுபோனாள். டாக்டர் வெளிறிப்போய், தயவுசெய்து இதை எழுதாதீர்கள் என்று கேட்டார். எழுதியாயிற்று, கையெழுத்து மட்டும்தான் பாக்கி என்றாள்.

எல்லோரும் நல்லபடியாக நடந்துகொண்டார்கள் என்று சொல்ல முடியாது. நாயை அவிழ்த்துவிட்டவர் உண்டு. பைத்தியம் என்று முகத்துக்கு நேரே சொன்னவர் உண்டு. ஆனால் தான் எறிந்த பொருள் அலசி மடித்துத் திரும்ப வந்து வாசலில் நிற்கும்போது, நிறையப் பேருக்குச் சங்கடமாக இருந்தது. உங்கள் ஊரில் எத்தனை பிள்ளைகள் என்று ஒரு பெண் கேட்டாள். மோட்டாரம்மா சொன்னாள். அவள் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கூடவே வந்து, அடுத்த வீட்டைத் தானே காட்டினாள்.

பதிவேடு மாசா மாசம் முத்திரைக்காக மேல் அலுவலகம் போகும். மேற்பார்வையாளர் வழக்கம்போலப் பார்க்காமலே முத்திரையை ஓங்கியவர், பக்கத்தில் இடம் இல்லாததைக் கண்டு நின்றார். நாற்பத்துமூன்று கையெழுத்து. யார் உங்களை இதையெல்லாம் பண்ணச் சொன்னது என்று கேட்டார்.

"இந்தக் கட்டம்தான் சார்" என்றாள் மோட்டாரம்மா.

அவர் சிரித்துவிட்டார். சிரித்தவர் மறுபடி முதலிலிருந்து படித்தார். படித்து முடித்தபோது சிரிப்பு இல்லை. அவரே பதிவேட்டை எடுத்துக்கொண்டு மேலே போனார். அடுத்து நடந்த கூட்டத்தில் டவுன் அலுவலகத்து அதிகாரி, எங்கள் குப்பை ஒரு துளிகூட ஆற்றில் கலப்பதில்லை என்று அடித்துப் பேசினார். பதிவேட்டை அவர் முன்னால் திருப்பி வைத்தார்கள். அதில் பதினேழாவது கையெழுத்து அவருடைய மனைவியுடையது. அதற்கப்புறம் அவர் அவ்வளவு அழுத்தமாகப் பேசவில்லை.

ஒரே நாளில் ஆறு கண்ணாடியாகிவிடவில்லை. அப்படிச் சொன்னால் நீங்களும் நம்பமாட்டீர்கள். ஆனால் வளைவில் வேலி போட்டார்கள். சந்தைக்குப் பின்னால் கொட்டகை போட்டு, குப்பையைப் பிரித்து வைக்க ஆள் வைத்தார்கள். டெய்லர் கடைகளின் வெட்டுத்துணியைத் தலையணை தைக்கிறவர்கள் வந்து வாங்கிப் போனார்கள். தொட்டி லாரிகளுக்கு டவுனுக்கு வெளியே தனிக் குழி வெட்டி, ஆற்றுப் பக்கம் போன இரண்டு லாரிகளைப் பிடித்து வைத்தார்கள். ராசியான இடம் போயிற்றே, இந்தக் கொட்டகை நான்கு நாளில் நிறைந்துவிடுகிறதே என்று டிராக்டர்காரர் புலம்பினார். நிறைவது கண்ணுக்குத் தெரிந்தால்தான் குறைக்கத் தோன்றும் என்று நாத்தனார் அவரை அடக்கினாள். வலையில் இரண்டு கூடை அரைக்கூடையானது. நர்சம்மா ஒரு நாள் தெருக்கோடிக் குழாயில் சொட்டு விட்டுப் பார்த்தவள், எலுமிச்சை நிறத்துக்கு மாறிய குப்பியை மோட்டார் அறைக்கே எடுத்துவந்து காட்டினாள். அந்த மாசம் வயிற்றுப்போக்கு என்று சுகாதார நிலையத்துக்கு வந்தது மூன்று பேர்தான். குட்டி அந்த மூன்றில் இல்லை.

இத்தனைக்கும் நடுவில், குட்டி டவுனுக்குப் போவதா இல்லையா என்ற பேச்சை மட்டும் யாரும் எடுக்கவில்லை. மோட்டாரம்மா கேட்கப் பயந்தாள். கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிட்டால்? போன மாசம் நாத்தனார் குட்டிக்கு அளவெடுத்துக்கொண்டு போனபோதுகூட, எந்தப் பள்ளிக்கூடத்துக்கு என்று கேட்க நாக்கு எழவில்லை. டவுன் பள்ளிக்கூடத்துச் சீருடை நீலம். ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சீருடை பச்சை.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முதல் நாள் நாத்தனார் வந்து இறங்கினாள். கையில் பொட்டலம். நாடாவில் பூப்போல முடிச்சு. வீட்டுக்காரர் பிரஷ்ஷைத் தேடினார். மோட்டாரம்மா அடுப்படி வாசலிலேயே நின்றாள். குட்டிதான் முடிச்சை அவிழ்த்தது. அந்தச் சின்ன விரல்கள் அதற்கு எடுத்துக்கொண்ட நேரம் அவளுக்கு ஒரு யுகமாக இருந்தது.

பச்சை.

மோட்டாரம்மா கதவைப் பிடித்துக்கொண்டாள். நாத்தனார் அவள் பக்கம் திரும்பவே இல்லை; குட்டிக்குச் சட்டையைப் போட்டுவிடுவதில் மும்முரமாக இருந்தாள். போட முடியவில்லை. தோள் இறுக்கியது, இடுப்பில் பொத்தான் எட்டவில்லை.

"என்ன அண்ணி, அளவு தப்பாயிடுச்சா?" என்றாள் மோட்டாரம்மா.

"என் அளவு தப்பாது. புள்ளைதான் தேறிட்டா." சொல்லிவிட்டு நாத்தனார் கீழே உட்கார்ந்து, ஊசியை எடுத்துப் பக்கத் தையலைப் பிரிக்க ஆரம்பித்தாள். ஒரு விரல் அகலம் உள்ளே மடித்துத்தான் தைத்திருந்தாள்.

பிரித்துக்கொண்டே பையிலிருந்து இன்னொரு சின்ன மூட்டையை எடுத்து மோட்டாரம்மா பக்கம் தள்ளினாள். உள்ளே பச்சை வெட்டுத்துணி. கழுத்துக்கு வெட்டி எடுத்த வட்டம் எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது.

"இந்தத் தடவை ரெண்டையும் பஸ்லயே கொண்டாந்துட்டேன். அந்த நோட்டை எடுத்துட்டு வா. கையெழுத்துப் போட்டு வாங்கிக்க."

மோட்டாரம்மா ஆற்றங்கரைக்கு ஓடிப்போய்ப் பதிவேட்டை எடுத்துவந்தாள். தன் பெயரை, ஊரே மறந்துபோன அந்தப் பெயரை, அன்றைக்கு முழுசாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.